கப்பல் தடம்

ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவில் ஒரே ஒரு வாக்கியம் லீட்டியாவுக்குக் குளிர்காலம் முழுக்கப் பிடிபடவில்லை.

கம்பெனிக் கப்பல் கடல்பனியைப் பிளந்துபோன தடம் மறுபடி உறைந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

பனிக்கட்டியின் தடிமனை வைத்து என்று எழுதிப் பார்த்தாள். சுரங்கக் கம்பெனி செயற்கைக்கோள் படத்தை நீட்டியது. ஊர் வேட்டைக்காரர்கள் சொன்ன பிறகு என்று எழுதினாள். அது அறிவியல் ஆகாது என்றது கம்பெனி.

வடதுருவப் பூர்வகுடி இனூயிட் சபையின் பருவநிலைக் கொள்கை ஆலோசகர் அவள். கம்பெனி நழுவ முடியாத வாக்கியங்களை எழுதுவதுதான் வேலை. இந்த ஒன்றில் மட்டும் எப்படி எழுதினாலும் ஒரு சந்து இருந்தது.

போன வசந்தத்தில் அந்தச் சந்து வழியாகத்தான் கம்பெனி அதிகாரி ஹாலரன், 'தடம் உறைந்துவிட்டது' என்று தன் மேசையிலிருந்தே கையெழுத்திட்டு அனுப்பினார். ஊர் ரேடியோவில் வாசித்தார்கள். அதைக் கேட்டுவிட்டு சீல் வேட்டைக்குக் கிளம்பிய அவள் தம்பி பாவ்லூசி, பனிவண்டியை நிறுத்திப் பனியைத் தட்டிப் பார்க்கவில்லை.

வண்டி கூடக் கிடைக்கவில்லை.

இன்று அதே ஹாலரன் தடத்தின் விளிம்பில் நின்றார். புதிய சிவப்பு அங்கி, புதிய பூட்ஸ்.

"அந்த விபத்துக்கு அப்புறம் ஊர்ல எல்லாரும் வீணா பயப்படுறீங்க, லீட்டியா. நானே நடந்து காட்டுறேன். வீடியோ எடுத்து ரேடியோக்காரங்களுக்கும் சொல்லிடுங்க."

அவளுடைய சித்தி மகன் ஜேபிட்டி அவர் இடுப்பில் கயிற்றைக் கட்டினான். மறுமுனையை லீட்டியாவின் கையில் கொடுத்தான். பிறகு இரும்பு முனைக் கழியை நீட்டினான். ஒவ்வொரு அடிக்கு முன்னும் அதைக் கொண்டு குத்திப் பார்க்க வேண்டும். ஒரே குத்தில் உள்ளே இறங்கினால் அங்கே காலை வைக்கக் கூடாது.

"வேணாம்ப்பா. படம் பார்த்துட்டுத்தான் வந்திருக்கேன்."

"சரிங்க. பூட்ஸ் புதுசு போல. நனைஞ்சா பாவம்" என்றான் ஜேபிட்டி.

கழியைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டான். வளர்ந்த ஆளுக்கு ஒருமுறை வழி காட்டலாம். போகாதே என்று தடுப்பது இங்கே மரியாதை இல்லை.

லீட்டியாவும் மரியாதையாக இருந்தாள்.

தடத்தின்மேல் புதுப்பனி விழுந்திருந்தது. வானத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வெள்ளைதான். ஆனால் பனி ஒரு கம்பளி. மேலிருக்கும் குளிரைக் கீழே இறங்கவிடாது. குளிர் இறங்காவிட்டால் பனிக்கட்டி தடிக்காது. அடியில் நீரோட்டம் வேறு அரித்துக்கொண்டே இருக்கும்.

ஹாலரன் நடந்தார். நடுவில் நின்று கையை விரித்தார்.

"எங்க ஊர் ஏரியில உடையறதுக்கு முன்னாடி படார்னு சத்தம் கேக்கும். இங்க ஒண்ணுமே இல்லையே!"

ஏரிக்கட்டியில் உப்பு இல்லை. கண்ணாடி மாதிரி, உடையுமுன் கத்தும். கடல்நீர் உறையும்போது உப்புநீரைச் சின்னச் சின்னப் பைகளாக உள்ளேயே அடைத்துக்கொள்கிறது. அதனால் இளம் கடல்கட்டி தோல் போல வளையும். வளைந்துகொண்டே போய், சத்தமில்லாமல் வாயைத் திறக்கும்.

அவர் பூட்ஸைச் சுற்றிப் பனி சாம்பல் நிறமாக ஊறிக்கொண்டிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது. "லீட்டியா, இது தாங்கும்தானே?"

"நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

அவள் விரல்கள் விரிந்தன. கயிறு கையுறையின்மேல் சும்மா கிடந்தது, பிடிப்பார் இல்லாமல்.

ஜேபிட்டி அவள் கையைப் பார்த்தான். பிறகு அடிவானத்தைப் பார்த்தான். அவளும் வளர்ந்த ஆள்தான்.

ஹாலரன் இடுப்புவரை இறங்கினார். சத்தமே வரவில்லை. கயிறு ஒரு முழம் ஓடியது. இன்னொரு முழம்.

பாவ்லூசியும் இப்படித்தான் சத்தமில்லாமல் போயிருப்பான்.

போகட்டும் என்று இருந்தது அவளுக்கு. அப்படியே விட்டுவிட்டால் ஊரில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். ஆனால் வேறொரு ஹாலரன் அதே மேசையில் வந்து உட்காருவான். செத்தவனிடம் கையெழுத்து வாங்க முடியாது.

அவள் விரல்களை மூடினாள். "இழுடா."

கூடாரத்தில் ஹாலரனின் பற்கள் டீக்குவளையில் மோதின. ஜேபிட்டி தன் கரிபு மான்தோல் அங்கியை அவர்மேல் போர்த்தி, பூட்ஸைக் கவிழ்த்துக் கடலை வெளியே ஊற்றினான்.

"காப்பாத்திட்டீங்க" என்றார் அவர். "அந்த ஏழாம் பிரிவு... என்ன வேணுமோ எழுதுங்க. போட்டுடறேன்."

குளிர்காலம் முழுக்கத் தேடிய வாக்கியத்தை மத்தியானம் அவரே நடந்து காட்டியிருந்தார். அவள் செய்ய வேண்டியதெல்லாம் அதை எழுதுவதுதான். பேனா மை உறைந்திருந்ததால் பென்சிலால் எழுதினாள்.

படித்துக்கொண்டே வந்தவரின் கண் கடைசிச் சொற்களில் நின்றது. அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தில் என்ன பார்த்தாரோ, பென்சிலை வாங்கிக் கையெழுத்திட்டார்.

'தடம் உறைந்துவிட்டது என்று கையெழுத்திடுகிறவர், அன்றைக்கே, முதல் ஆளாக, அதை நடந்து கடக்க வேண்டும், கயிறு இல்லாமல்.'