கல்யாண வீட்டுக் காய்ச்சல்

பெற்ற மகன் நடுங்குகிறான், இந்த மனிதருக்குச் சம்பந்தி வீடுதான் பெரிதாகத் தெரிகிறது என்று லேப் டெக்னீஷியன் மெர்லின் நினைக்கிறாள். போடியின் அந்தச் சிறிய லேபில், போன வாரம் காங்கோவிலிருந்து திரும்பிய கார்த்திக்ராஜ் பெஞ்சில் சுருண்டு கிடக்கிறான். மைக்ராஸ்கோப்பின் வெளிச்ச வட்டத்தில் மலேரியாக் கிருமிகள் குட்டிக்குட்டி மோதிரங்களாகத் தெரிகின்றன. ஏலக்காய் வியாபாரியான அவன் அப்பா, தன் கல் மோதிரத்தால் மேசையைத் தட்டுகிறார். "மலேரியா மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லயத்துல கிடக்குற கூலி ஆளுகளுக்கு வர்றது. நீ அப்படி எழுதி, கல்யாண வீட்டுல சுகாதாரத்துறை ஆளுக வந்து கொசு மருந்து அடிச்சாகன்னா சம்பந்திமாரு என்ன நினைப்பாக? டைபாய்டுன்னு எழுதிரு ஆத்தா." டைபாய்டு மாத்திரை இந்தக் கிருமியைத் தொடாது, பையன் பிழைக்கமாட்டான் என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. மெர்லின் அந்த லயத்தில் பிறந்தவள். "எங்க ஆளுக நோய்தான்யா உங்க மகனுக்கும் வந்திருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மலேரியா என்றே எழுதுகிறாள்.