ஒருவர் படுக்கும் பலகை

பட்டறைக் கூரையின் ஓட்டைகள் வழியே மதிய வெயில் கோடு கோடாக இறங்குகிறது. கரடுமுரடான பாதையிலும் ஏறும் பழைய ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப் வண்டி ஒன்றை வாங்கியிருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ், அதன் பின்பக்கத்தில் மண்டியிட்டு, தான் படுத்துறங்கப் பலகை பொருத்துகிறாள். நரைமுடியெல்லாம் மரத்தூள். "அறுபது வயசுல தனியா மலையும் பாலைவனமும் சுத்தப்போறியா? வழியில வண்டி நின்னுட்டா?" பக்கத்தில் நிற்கும் அண்ணனுக்குக் கோபத்தில் மூச்சு வாங்குகிறது. "எறங்கி ரிப்பேர் பண்ணுவேன்." "நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" "அந்த நாலு பேருக்கு வண்டியில இடமில்லண்ணே. இந்த முனையைக் கொஞ்சம் அழுத்திப் பிடிங்க, ஆடுது." அவர் பிடிக்கிறார். பிடித்தபடியே திட்டுகிறார். அவள் டிரில்லை ஓடவிடுகிறாள். அந்த இரைச்சலில் அண்ணனின் வாய் அசைவது மட்டும் தெரிகிறது.