வேக வரம்பு

அப்பா முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மோனிஷா அடுப்படியில் உட்கார்ந்து, ரவுட்டரின் செட்டிங்ஸைத் தன் போனில் திறந்தாள்.

அப்பாவின் போனுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும். மெசேஜ் வரலாம், வாட்ஸ்அப்பில் யாராவது கூப்பிட்டால் பேசலாம். வீடியோ மட்டும் ஓடக் கூடாது.

போனைப் பிடுங்கி ஒளித்துவைக்க அவளால் முடியாது. தூங்கும்போதுகூட அதை நெஞ்சில் கவிழ்த்து வைத்திருந்தார்.

சாந்தன்பாறையில் அந்த ஏலத்தோட்டச் சரிவுக்கு டவர் எட்டாது. லைன் வீடுகளுக்கு எல்லாமே கேபிள்காரர் ஜோபி இழுத்துக் கொடுத்த வைஃபைதான். காரியம் முடியும்வரை அப்பா வெளியே இறங்கப்போவதும் இல்லை. வீட்டுக்குள் வருவதை அடைத்தால் போதும்.

அம்மா மாரித்தாயை, ஏலக்காய் எடுக்கப் போன இடத்தில் ஒற்றை யானை மிதித்துக் கொன்றுவிட்டது.

பால் ஊற்றிய பிறகு, இன்று காலையில்தான் பக்கத்து வீட்டு இருதயம்மாள் வந்து அந்த விஷயத்தைச் சொன்னாள். மேல் ரோட்டில் ஜீப்பை நிறுத்திய டூரிஸ்ட் யாரோ எல்லாவற்றையும் படம் பிடித்திருக்கிறானாம். ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் போய்க்கொண்டிருக்கிறதாம். நீ அதைப் பார்த்துவிடாதே என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், முன்னறைப் பக்கம் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டாள்.

மோனிஷா அப்பாவை நினைத்துத்தான் பயந்தாள்.

அப்பா சுருளிவேல் அப்போது அங்கே இல்லை. காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தார். கூச்சல் கேட்டு ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வனத்துறைக்காரர்களிடம் அப்படித்தான் சொன்னார். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். பக்கத்தில் இருந்திருந்தால் இழுத்துப் போட்டிருப்பேனே என்று தலையில் தலையில் அடித்துக்கொண்டார். அந்த மனிதர் இதைப் பார்த்தால் தாங்குவாரா?

பக்கம் திறந்தது. இரண்டே பெயர்கள். தபால்வழிப் படிப்புக்காக இணைப்பு வாங்கியபோது அவளே போட்டுவைத்தவை. அப்பா. மோனி. அம்மாவிடம் பட்டன் போன்தான். அவள் பெயர் அதில் ஏறியதே இல்லை.

பெயர்களுக்கு எதிரே வேகம் போட்டிருந்தது.

அப்பாவுக்கு வரம்பு ஏதும் இல்லை.

மோனிக்கு, இருப்பதிலேயே குறைந்த அளவு.

அவள் இதைச் செய்யவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தாள். மாற்றமில்லை.

ஜோபி துக்கம் கேட்க வந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. அப்பா அவரைத் தனியே கூப்பிட்டு ஏதோ பேசினார். ஜோபி தன் போனை நோண்டியபடி ரவுட்டர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அவள் கொடுத்த கட்டஞ்சாயாவை வாங்காமல், முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போனார். அதிலிருந்துதான் நெட் இழுத்துக்கொண்டு கிடந்தது. மழையால் என்று நினைத்தாள். ஆட்கள் வருவது நின்றுபோனதும் மழையால்தான் என்று நினைத்தாள்.

அப்படியென்றால் அப்பா பார்த்துவிட்டார்.

பார்த்துவிட்டு, மகள் கண்ணில் படக் கூடாதென்று வழியை அடைத்திருக்கிறார்.

சடங்கு நடந்தபோதெல்லாம் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது. சத்தம் வெளியே போகாமல் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனையையும் ஒற்றை ஆளாக உள்ளே வைத்துக்கொண்டு அந்த மனிதர் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். இனி இந்த வீட்டில் அவருக்கு அவள், அவளுக்கு அவர். அவர் பார்த்ததைத் தானும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. பார்த்தால் போதும்.

தன் பெயருக்கு எதிரே இருந்த வரம்பை எடுத்தாள்.

கூடப் படித்த ஒருத்தி அனுப்பி, இன்னதென்று தெரியாமலே நேற்றிலிருந்து சுற்றிக்கொண்டிருந்த வீடியோ சட்டென்று இறங்கியது. சத்தத்தை அணைத்துவிட்டு அழுத்தினாள்.

ஏலச்செடிகள் ஆடின. செடிகளுக்கு மேலே யானையின் முதுகு தெரிந்தது. அம்மா ஓடவில்லை. கால் மடங்கிக் கீழே கிடந்தாள்.

கிடந்தபடியே பக்கத்தில் நின்ற ஓர் ஆளின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

அந்தக் கை ஒரு தடவை இழுத்துப் பார்த்தது. பிறகு உதறியது. அம்மா விடவில்லை. இன்னொரு கை வந்து அவள் விரல்களைப் பிரித்துவிட்டது.

அந்த ஆள் சரிவில் ஏறி, ரோட்டைப் பார்த்து, படம் எடுத்தவனை நோக்கியே ஓடிவந்தார். முகம் திரை நிறைய வந்தபோது மோனிஷா நிறுத்தினாள்.

முன்னறையில் கட்டில் முனகியது. சுருளிவேல் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“பாப்பா, நெட்டு வருதா?”

போனை மடியில் கவிழ்த்தாள்.

“இல்லப்பா. சுத்திக்கிட்டேதான் கெடக்கு.”

அவர் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது. ஜோபியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். அப்புறம், அம்மா செத்ததிலிருந்து முதல் தடவையாக, சோறு இருக்கிறதா என்று கேட்டார்.

மோனிஷா எழுந்து தட்டை எடுத்தாள்.