எண்ணூர் பாலம்

“பாலம் போச்சு சார்!”

வரைபடத்தில் எண்ணூர் பாலத்தின் மேல் சிவப்புச் சீட்டை வைத்தார் ஸ்டானிஸ்லாஸ்.

பர்மா சண்டை மும்முரமாக நடந்த சமயம். ராயபுரம் ராணுவ சப்ளை டிப்போவில் குமாஸ்தாக்களுக்கு யுத்த விளையாட்டு வைத்திருந்தார் காப்டன் செல்வநாதன். வடக்குப் படைக்குச் சரக்கு அனுப்புவது ரஹீம். தெற்குப் படைக்கு ஸ்டானிஸ்லாஸ். தீப்பெட்டிகள்தான் ரயில் வேகன்கள். இரண்டு சுற்று அரிசியும் தோட்டாவும் போய்ச் சேராவிட்டால் அந்தப் படை தோற்றதாகக் கணக்கு.

ஜெயிப்பவருக்கு ஹெட் குமாஸ்தா உத்தியோகம். எந்த ஊரில் என்று மட்டும் காப்டன் சொல்லவில்லை.

ரஹீமின் படை திருவொற்றியூர் வரை வந்துவிட்டது. இன்னும் ஒரே சுற்றில் ராயபுரம் விழுந்திருக்கும். இப்போது சரக்கு மொத்தமும் பாலத்துக்கு அந்தப் பக்கம்!

“படகுல ஏத்தி அனுப்பறேன் சார்!” ரஹீம் பதறினான்.

“படகெல்லாம் போன சுத்துலயே நான் புட்ச்சிக்கினேன்” என்றார் ஸ்டானிஸ்லாஸ், தலை நிமிராமல்.

பாலத்துக்குக் காவல் போடாததும், ஆபத்துக்குப் படகு வைத்திருந்ததும் ரஹீம் எழுதிக் காப்டனிடம் கொடுத்த திட்டச் சீட்டில் மட்டுமே இருந்த ரகசியம். சீட்டைத் தவிர, மத்தியானம் டீக்கடையில் ஒரே ஒரு ஆளிடம்தான் வாய்விட்டுச் சொல்லியிருந்தான்.

“தோஸ்துன்னு நம்பித்தானே உன்னாண்ட சொன்னேன்? இப்டி கழுத்த அறுத்துட்டியே அண்ணாத்தே!”

ஸ்டானிஸ்லாஸ் தன் தீப்பெட்டிகளை நேராக அடுக்கினார்.

“சார், இது இன்னா நாயம்? நான் சொன்னத வெச்சே என்னை கவுத்துட்டாரு!”

“சண்டையில இது தப்பில்ல ரஹீம். சொன்னது உன் தப்பு” என்றார் காப்டன். “அடுத்த சுற்று?”

அனுப்ப ரஹீமிடம் வழி இல்லை. அடுத்த சுற்றும் போனது. அவன் படை பட்டினியில் நின்றது.

“ஸ்டானிஸ்லாஸ் ஜெயிச்சாச்சு!” என்று அறிவித்தார் காப்டன்.

ஒருத்தரும் கை தட்டவில்லை. “உத்தியோகத்துக்காக இவ்ளோ கலீஜா ஆடுவியா? இனிமே என் மூஞ்சில முழிக்காத!” என்றான் ரஹீம்.

காப்டன் இழுப்பறையிலிருந்து ஒரு தந்தியை எடுத்தார்.

“ஸ்டானிஸ்லாஸ், நாளைக்குக் காலையில உங்களுக்கு ரயில். அஸ்ஸாம் எல்லை. சண்டை நடக்கிற இடத்துக்கே சரக்கு கொண்டுபோகணும்.”

போன மாதம் இதே டிப்போவிலிருந்து அந்த வேலைக்குப் போன குமாஸ்தா மதார் சாகிப் திரும்பவில்லை. சாவுச் சேதிதான் வந்தது.

காப்டன் கண்ணாடியைக் கழற்றினார். “இந்தத் தந்தியை நேத்து வாங்கிப் படிச்சு என்கிட்ட குடுத்ததே நீங்கதான். ஜெயிச்சா எங்கே போகணும்னு தெரிஞ்சுமா இப்படி ஆடினீங்க?”

ஸ்டானிஸ்லாஸ் ரஹீமின் பக்கம் திரும்பாமல் எழுந்தார்.

“இவன் பொஞ்சாதிக்கு இது எட்டாம் மாசம் சார்.”