நடுக்கட்டத்தில் ஒரு சீட்டு

“அந்த ஒரு சீட்டு மட்டும் ஏன்க்கா நகரவே மாட்டேங்குது?”

புது நூலகர் சுவரைக் காட்டி உதவியாளரிடம் கேட்டாள். சுவரில் மூன்று கட்டங்கள்: செய்யணும், செய்றோம், முடிஞ்சது. வேலைக்கு ஒரு சீட்டு. ஐ.டி. கம்பெனிகளின் அஜைல் முறையாம். இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று, தினமும் காலையில் நின்றபடியே கூட்டம். உட்கார்ந்தால் ஊர்க்கதை வளர்ந்துவிடும் என்ற பயம்தான். தூங்கி வழிந்த நூலகம் அவள் வந்த பிறகுதான் கண் விழித்திருந்தது.

ஆனால், சாயங்காலம் இயக்குநர் வருகிறார். வேலை தேங்கிய கிளைகளை இழுத்து மூடிக்கொண்டே வருகிறார் மனிதர். நடுக்கட்டத்தில் ஒரு சீட்டு இருந்தாலும் போச்சு.

“அதுவா மேடம்? ஒரு வாசகர் ஆள் விட்டுக் கேட்டுக்கிட்டே இருக்கார். சின்ன நாவல். பழைய சார் எப்பவும் ‘தேடிட்டிருக்கோம்’னு சொல்லி அனுப்பிடுவார்” என்றாள் உதவியாளர்.

“எத்தனை நாளா?”

“வருஷக்கணக்கா.”

“நல்லா தேடினார் போங்க!”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு புத்தகத்துக்காக ஒரு மனுஷன் வருஷக்கணக்காகவா காத்திருப்பான்? இருவருமாக அலமாரிகளைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கடைசியில் பழைய நூலகரின் மேஜை இழுப்பறைதான் மிச்சம். சாவி இல்லை. பூட்டை உடைத்தாள். உள்ளே, துணியில் சுற்றி, அதே நாவல்.

“அடப்பாவி! கையில வச்சுக்கிட்டேவா இல்லேன்னு சாதிச்சார்?”

“அவர் அப்படிப்பட்டவர் இல்ல மேடம். ஏதாவது காரணம்...” உதவியாளர் இழுத்தாள்.

“சோம்பேறித்தனத்துக்குக் காரணம் வேறயா?”

போன் செய்த கொஞ்ச நேரத்திலேயே, மழைக்கோட்டு சொட்டச் சொட்ட ஓர் ஆள் வந்துவிட்டார். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, சீட்டைப் பிய்த்து ‘முடிஞ்சது’ கட்டத்தில் ஒட்டினாள். கிளை பிழைத்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

“இவ்வளவு நாள் காக்க வச்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க. சந்தோஷப்படுவார் இல்ல?”

வந்தவர் புத்தகம் நனையாமலிருக்க மழைக்கோட்டைத் திறந்தார். உள்ளே சிறைக்காவலர் சீருடை.

“இதை முழுசாப் படிக்கணும்கறதுதாம்மா அவனோட கடைசி ஆசை. அது நிறைவேறாம தூக்குல போடக் கூடாதுன்னு எங்க விதி” என்றவர், புத்தகத்தின் கனத்தை விரலால் அளந்து பார்த்தார். “மெல்லிசாத்தான் இருக்கு. நாளைக்குள்ள படிச்சு முடிச்சிடுவான்.”