ஒன்பதாம் சுரங்கத்தின் கடைசிக் கட்டி

நூறாண்டுகளாகக் கருங்காட்டு மலையைக் குடைந்து, கரியை எடுத்து எரித்து, புகையாக்கி வானத்தில் விட்டார்கள். இப்போது அந்தப் புகையையே காற்றிலிருந்து பிரித்துக் கரிக்கட்டிகளாக்கி, மலைக்குள் திருப்பி அடுக்குகிறார்கள். அடுக்குவோரின் தலைவி பேச்சியம்மாள். மற்றச் சுரங்கங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. ஒன்பதாவதை மட்டும் அவள் மூன்று ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்தாள். அவளுடைய அப்பா கூரை சரிந்து புதைந்தது அங்கேதான். உடலைத் தேடினால் கரி எடுப்பது நின்றுவிடும் என்று அன்றைய முதலாளிகள் வாய்கூசாமல் சொன்னார்கள்.

"இதுக்கு மட்டும் நல்ல நாளே வரலியாக்கா?" என்றான் உடன் அடுக்கும் எசக்கி.

"வாயை மூடிக்கிட்டு கட்டியை எடுடா."

மாதக்கணக்கில் அடுக்கிய பின் ஒரு மாலையில், சுரங்க வாயில் ஒரு கட்டிக்கு மட்டுமே இடம் மிஞ்சியது. வேலை முடிந்ததும் கோலால் பாறையை மூன்று முறை தட்டிக் காத்திருப்பது சுரங்கக்காரர் வழக்கம். உள்ளே எவரேனும் உயிரோடு சிக்கியிருந்தால் திருப்பித் தட்டுவார். அப்பா புதைந்ததிலிருந்து இருபது ஆண்டுகளாக அவள் இங்கே தட்டியபோதெல்லாம் விரிசல் விட்ட பானையின் ஒலியே கேட்டது. ஆயினும் மூடிவிட்டால் காத்திருக்க இடமிராதே என்று அஞ்சினாள்.

கடைசிக் கட்டியை அவளே வைத்தாள். பிறகு தட்டினாள்.

மலை முழுவதும் வெண்கல மணிபோல் முழங்கியது. பாதங்களின் வழியே ஏறிய அந்த நாதம் நெஞ்சை நிறைத்து, அடங்க வெகுநேரம் பிடித்தது.

எசக்கி தலைக்கவசத்தைக் கழற்றினான். "எக்கா... யாருக்கா அது?"

"மலைடா. முழுசாயிடுச்சு. இனிமே உள்ள கூரையே கிடையாது, யார் மேலயும் விழாது."

கோலைச் சுரங்க வாயில் சாய்த்துவிட்டு, வெறுங்கையோடு அவள் மலையிறங்கினாள்.