பின்வாசல் எந்தப் பக்கம்?

வயல் வரப்புல ஒரு எலி வளை. அதுக்கு ரெண்டு வாசல். முன்வாசல் ஊருக்கே தெரியும். பின்வாசலை மண்ணு போட்டு மூடி வெச்சிருந்தாங்க. ஆபத்துன்னா அது வழியாத்தான் குடும்பமே தப்பிக்கணும்.

அப்பாவும் அம்மாவும் கதிர் பொறுக்கப் போயிருந்தப்ப, முன்வாசல்ல ஒரு குரல் கேட்டுச்சு.

"வரப்பு ஆபீஸ்லருந்து பேசறேன் தம்பி. சாயங்காலம் தண்ணி பாய்ச்சறாங்க. பின்வாசலைப் பதியாத வளையெல்லாம் முழுகிடும். உங்களது எந்தப் பக்கம்?"

உள்ள கண்ணு திறக்காத மூணு தங்கச்சிங்க. மூத்த குட்டி பதறிப்போய், "இலந்தைச் செடிக்கு அடியில, சார்"னு சொல்லிடுச்சு.

"கெட்டிக்காரப் புள்ள"ன்னுட்டு குரல் நகர்ந்துச்சு. குட்டி எட்டிப் பார்த்தா, கீரியோட வாலு இலந்தைச் செடி பக்கமா போகுது.

அப்பாவும் அம்மாவும் திரும்பி வந்தும் குட்டி வாயே திறக்கலை. பொழுது சாயறப்பதான், பயம் தாங்காம எல்லாத்தையும் சொல்லி அழுதுச்சு.

"அறிவு கெட்ட நாயே! வந்ததுமே ஏண்டா சொல்லலை?" அப்பா எலி பளார்னு ஒண்ணு வெச்சுது. அடுத்ததுக்கும் கையை ஓங்குச்சு.

"அப்பாகிட்ட சொன்னா தோலை உரிச்சிடுவாருன்னு அந்த சார்தான் சொன்னாரு."

அம்மா எலி நடுவுல பாய்ஞ்சுது.

"யோவ், கேட்டியா? அந்தக் கீரி சொன்னது அத்தனையும் பொய். இது ஒண்ணை மட்டும் நீ நிஜமாக்கிட்டு நிக்கறே! கையை இறக்கு. அந்தக் கையால வேற வாசல் தோண்டு!"